மணத்தக்காளிக் கறை

என் பெண்ணின் சட்டையை அலசும்போது கறுநீலக் கறை விரலில் ஏறியது. முகர்ந்தேன். பச்சிலை வாசம். அதோடு நீயும் வந்துவிட்டாய். கல்லூரியின் தாவரவியல் வகுப்பும், நம் கடைசி பெஞ்சும், ஒரே லென்ஸுக்கு நாம் போட்ட சண்டையும்.

மத்தியானம் கொல்லையிலிருந்து குழந்தை வந்தபோது வாயெல்லாம் கறுப்பு. "என்னத்தைத் தின்னுத்தோ தெரியலையேடீ" என்று மாமியார் பதறி, வைத்தியருக்கு ஆள் அனுப்பினார். நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவள் கை காட்டிய செடியிடம் ஓடினேன். பயத்தில் இலையெல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. "எலை ஏமாத்தும், பூவப் பாரு கேட்டியா" என்பாயே. பூவைக் கிள்ளினேன். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு. கத்தரிக் குடும்பம். வேலியோரத்து ஊமத்தையும் அதே குடும்பம்தானே?

அந்த உறவை வகுப்பில் முதன்முதலாகக் கேட்ட அன்று, இனிக் கத்தரிக்காயே தொடமாட்டேன் என்றேன். சாலை பஜாரில் உன் அப்பாவின் பலசரக்குக் கடையில் வளர்ந்தவள் நீ, சிரித்தாய். "குடும்பங்கது கட. செடியோட லத்தீன் பேருல மொதப் பேரு சாக்கு. ரெண்டாம் பேருதாம் சரக்கு. கடையப் பாத்து எவளாவது பயப்படுவாளா?"

காயைப் பார்த்தேன். ஊமத்தைக்கு முள்காய். இதில் பொடிக் காய்கள் கொத்தாகத் தொங்கின. பச்சையெல்லாம் அப்படியே இருக்க, கறுத்துப் பழுத்தவை மட்டும் குறைந்திருந்தன. சொலானம் நைக்ரம். வத்தலாகவே பார்த்துப் பழகிய மணத்தக்காளி. பெயரை வாய்விட்டுச் சொன்னேன். பெயர் தெரியாத எதையும் நீ வாயில் வைக்கமாட்டாய். தெரிந்த பிறகு வைக்காமலும் இருக்கமாட்டாய். கறுத்த பழம் ஒன்றைப் பறித்து நானும் தின்றேன்.

வைத்தியர் வந்து குழந்தையின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். "மணத்தக்காளியாக்கும். ஒண்ணும் பயப்படாண்டாம்" என்றார். கொல்லை முழுவதையும் வெட்டிவிடச் சொன்னார் மாமியார். நான் ஊமத்தையை மட்டும் பிடுங்கினேன்.

பரீட்சை முடிந்த கையோடு உன்னை ஜுரம் கொண்டுபோயிற்று. என் பெண்ணை நீ பார்த்ததில்லை. இப்போது தூங்குகிறாள். வைத்தியர் சொல்லியும் கேட்காமல், எழுதுவதை நிறுத்தி நிறுத்தி அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதட்டோரம் கறை இன்னும் போகவில்லை. விடிந்ததும் அவளை அந்தச் செடியிடம் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் பூவைக் காட்டுவேன்.