மரத்துப்போன மேல்வாய்

லோரிக்கா,
1986 ஆகஸ்டு 3, ஞாயிறு.

என் மகள் நெல்சிக்கு அம்மா எழுதுவது,

தேவமாதா தயவால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தை மிலேனாவும் கராகாஸில் அப்படியே நடமாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று காலையில் மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் ஒஸ்வால்தோவின் மகள் யோர்லெதிஸுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, நூற்றுப் பதினாறு பேர் எழுதி முப்பது பேரைத்தான் எடுத்தார்களாம், அதில் இவள் நாலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என் பேத்தி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறாள். அவள் தம்பி தைரோ சான் பெலாயோ திருவிழாவில் பெரிய பித்தளைக் குழல் ஊதினான், அவர்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கினவர்களுக்கு நடுவர் மச்சான் முறை ஆகிறது என்று ஊரே பேசுகிறது, அதனால் அதை முதல் பரிசென்றே நான் வைத்துக்கொண்டேன். உன் மிலேனா கணக்கில் முதலாவதாக வந்ததை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்கும் பின்னால் நின்றவளுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். இந்த மூன்று பிள்ளைகளில் ஒன்றுகூட நம்மைப் போல நெருப்பு முனையை வாய்க்குள்ளே வைத்துச் சுருட்டுப் பிடிக்கவில்லை, அதையும் நான் பரிசாகத்தான் நினைக்கிறேன். நீ பிடிக்கிறாயா, விட்டுவிட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்தஹேனா ஆஸ்பத்திரியில் வாய்ப் புற்றுக்குக் கதிர் வைத்து முடித்து ஏழு வாரம் ஆகிறது. முப்பத்து மூன்று நாள் வைத்தார்கள், மிச்சமிருந்த ஆறு பல்லையும் அதற்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள். கழுத்துத் தோல் சுட்ட வாழைக்காய்த் தோல் போலக் கறுத்து உரிந்தது, இப்போது அடியில் புதுத்தோல் வந்து வெயில் பட்டால் காந்துகிறது. பிடரியில் முடி இல்லை, துண்டு போட்டு மறைத்துக்கொள்கிறேன். வாய்ப்புண் ஆறிவிட்டது, எச்சில்தான் திரும்பி வரவில்லை. இருக்கிற கொஞ்சமும் கோந்து மாதிரி இழுக்கிறது, போகிற இடமெல்லாம் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே போகிறேன், கோயிலில் ஜெபமாலை சொல்லும்போதுகூட ஐந்து மணி உருட்டினால் ஒரு மிடறு. சோடா மாவும் உப்பும் கரைத்து ஒரு நாளைக்கு ஆறு தடவை கொப்பளிக்க வேண்டும். தாடை இறுகிப்போகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கி ஈறுகளுக்கு நடுவே வைத்து வாயைப் பிளந்து வைக்கச் சொன்னார்கள், எட்டுக் குச்சியில் தொடங்கி இப்போது பதின்மூன்று. சாப்பாடுதான் தகராறு. டாக்டர் நல்ல பிள்ளைதான், ஆனால் பேச்சில் இரக்கம் கிடையாது. "நாப்பது கிலோவுக்குக் கீழ போனா மூக்கு வழியாக் குழாய் போட்டுருவேன்மா, பேரம் பேசக்கூடாது" என்றார். ஒஸ்வால்தோவின் பெண்டாட்டி அமிந்தா சனிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிப்போய் மக்காச்சோள மண்டித் தராசில் நிறுத்துகிறாள். நாற்பத்தாறாக இருந்தது நாற்பத்து மூன்றானது, பிறகு நாற்பத்தொன்றரை. தராசில் கோளாறு என்று மண்டிக்காரனிடம் சொன்னேன். "வாங்கும்போது ஒரு மாதிரி நிக்கும், விக்கும்போது ஒரு மாதிரி நிக்கும் பாட்டி, உங்களுக்கு எது வேணும்" என்று கேட்கிறான்.

நான் சாப்பிடாததற்குக் காரணம் இருந்தது. உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அண்ணன் காதில் போடாதே. அமிந்தா என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று நினைத்தேன். வள்ளிக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுக் காய்ச்சுகிற சூப்பை அவள் கொண்டுவருவாள், வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியும் துணிச் சோப்பும் கலந்த ருசி. சோளக் கஞ்சியிலும் அதே ருசி. முதலில் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன், மாற்றச் சொன்னேன், மாற்றினாள், அப்புறமும் அதே ருசிதான். சீக்காளி மாமியாரைக் கழுவிவிட எந்த மருமகளுக்குப் பிடிக்கும், இந்தப் பின்கட்டு அறை யோர்லெதிஸுக்குப் படிக்க வேண்டியிருக்கும், இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது. ஒரு நாள் அவள் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து உன் ஞானத்தாய் திக்னாவைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் கிண்ணத்தைக் கொடுத்தேன். அவள் முழுவதும் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா, இதைக் குடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறியாடி நீ" என்றாள். சரி, இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கப்புறம்தான் முட்டை ஞாபகம் வந்தது. கழுத்துச் சிவந்த என் கோழி இட்ட முட்டை, கூட்டிலிருந்து நானே எடுத்தது, நானே தண்ணீர் பிடித்து அரை வேக்காடாக வேகவைத்து, நானே ஓட்டை உடைத்தேன். ஓட்டுக்குள்ளே அமிந்தா எப்படிப் போவாள். வாயில் வைத்தேன், அதே ஆணி, அதே சோப்பு. கோழிக்கூட்டு மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் மகளே. எழுபது வருஷம் என் வாய்க்குள் இருந்த நாக்கு என்னிடமே பொய் சொல்கிறது.

அன்றைக்கு மத்தியானம் அமிந்தா சூப்பை வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வது மாதிரிக் குடித்து முடித்தேன். கிண்ணத்தை எடுத்தவள், "என்ன அத்தை, இன்னைக்கு என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கலையா" என்று கேட்டாள். முதல் வாரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திக்னா வந்து குடித்ததும் தெரியும், கிண்ணத்தில் அவள் உதட்டுச் சாயம் இருந்ததாம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு அது வராது. என் சீப்பை அவளிடம் கொடுத்துப் பிடரிக்கு மேலே மிச்சமிருக்கிற நாலு முடியை வாரிவிடச் சொன்னேன், வாரிவிட்டாள். நேற்று நாற்பத்திரண்டு கிலோ.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நாக்கு பொய் சொல்லும் என்று தெரிந்த நாளிலிருந்து மேல்வாயைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது போலத்தான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆற்றில் துவைக்கும்போது கை ஈரம், வெளியே நெருப்பு இருந்தால் தூறலில் அணையும், வெள்ளைத் துணியில் சாம்பல் விழும், அதனால் பெண்பிள்ளைகள் நெருப்பை உள்ளே திருப்பிப் பிடிப்பது நம் வழக்கம். உனக்குப் பதின்மூன்று வயது. நான்தான் பற்றவைத்து, திருப்பி, உன் வாயில் வைத்தேன். நாக்கைத் தாழ்த்து, மூச்சை மூக்கால் விடு என்றேன். நீ அழுதாய். பல வருஷம் சுடும், அப்புறம் மேல்வாய் கெட்டிப்பட்டு வெளுத்துவிடும், பிறகு சுடாது, அப்போதுதான் நீ முழுப் பொம்பளை என்றேன். அந்த ஆற்றுத்துறையில் எல்லாக் கிழவிகளும் அப்படித்தான் சொன்னார்கள், வாய் வெளுத்தவளுக்குத்தான் மரியாதை. டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபோதுகூட நான் பெருமையாகத்தான் சொன்னேன், முப்பது வருஷமாக எனக்குச் சுட்டதே இல்லை என்று. அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார், "சுடலைன்னா சதை மரத்துப்போச்சுன்னு அர்த்தம்மா. அந்த வெள்ளைத் தோலுக்கு அடியிலதான் அது உக்காந்திருந்துச்சு." நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது நோயைத்தான். போன வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு நீ எழுதினாய், அம்மா, எனக்கும் உன்னைப் போலவே வெளுத்துவிட்டது, இப்போது சுடுவதே இல்லை என்று. அந்த வரியை நான் திக்னாவுக்குப் படித்துக் காட்டினேன் நெல்சி. என் மகள் என்று சொல்லிச் சிரித்தேன்.

நான் போன மாதம் கேட்டு எழுதினதற்கு நீ நாலே வரியில் பதில் போட்டிருக்கிறாய். வழக்கமாக மிலேனாவின் சளியைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. சுருட்டை விட்டுவிட்டேன், வாயில் வலி ஒன்றும் இல்லை, கவலைப்படாதே என்கிறாய். வலி இல்லை என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எனக்கும்தான் வலித்ததில்லை. அந்தக் காகிதத்தை மோந்து பார்த்தேன், இப்போது என் மூக்கையும் நம்ப முடியவில்லை, அமிந்தாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு தடவை மோந்துவிட்டு, "புகையிலைதான் அத்தை, உங்க பழைய சுருட்டுப் பொட்டி வாசனையா இருந்தாலும் இருக்கும்" என்றாள். அவள் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். திக்னாவின் மகன் கராகாஸிலிருந்து விடுமுறைக்கு வந்தானே, உன்னைப் பார்த்ததாகச் சொன்னான். நெல்சி சுருட்டுப் பிடிக்கிறாளா என்று கேட்டேன். "நெருப்பே தெரியலையே பெரியம்மா, மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க, பல்லுல ஏதோ துரும்பு மாதிரி கடிச்சிட்டு இருந்தாங்க" என்கிறான். மடையன். நெருப்பை உள்ளே வைத்தால் வெளியே துரும்புதானே தெரியும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. உன் வாயில் அதை வைத்தது என் கை. அதை எடுக்கவும் என் கைக்குத்தான் கடமை, கை எட்டவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே அங்கே வாய் பார்க்கிற டாக்டரிடம் போ. வெளுத்த இடத்தைக் காட்டு, எப்படிப் பிடித்தாய் என்பதை மறைக்காமல் சொல், பட்டணத்து டாக்டருக்கு இது தெரியாது, சுட்டெரிக்கிற சூப்புக் குடித்தாயா என்று கேட்பார். ஒரு துளி சதை கிள்ளிப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதே, கொசுக்கடி அளவுதான். நேரத்தோடு பிடித்தால் கதிர்கூட வேண்டாமாம். மிலேனா உன் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிற வயது, அதையும் நினைத்துக்கொள். உன் வீட்டுக்காரர் மழைக்காலத்தில் மார்பில் சூடு தைலம் தடவிக்கொள்ளட்டும். சர்வேசுரன் உங்கள் மூன்று பேர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும், தேவமாதா உன் வாசலைவிட்டு நகராமல் இருக்கட்டும்.

போனேன், பார்த்தார், ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினால் நான் நம்ப மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன்னைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. நல்ல சட்டை வேண்டாம், தலைக்குப் பூ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து, வாயை முழுவதும் பிளந்து, மேல்வாய் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் நின்று எடுக்கச் சொல். போட்டோக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும், என் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொள். அடுத்த மாதம் பதினான்காம் தேதி எனக்கு மறுபடி பரிசோதனை, அதற்கு முன் வந்தால் படத்தை டாக்டரிடம் நானே காட்டுவேன். வாயை மூடிக்கொண்டு அழகாகச் சிரிக்கிற படம் வந்தால் அதைச் சுவரில் மாட்டமாட்டேன், அதையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு கிலோவோடு கராகாஸுக்கு பஸ் ஏறிவிடுவேன்.

உன் அம்மா,
பெத்ரோனா பெர்ரோகல்
(என் கையாலேயே எழுதியது)