போர்த்தக் கூடாத பாதம்

அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா?

என்னை வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாத்திட்டாங்க. பதவி உயர்வுன்னு சித்திகிட்ட பெருமையடிச்சுக்கோ. முதல் நாள், கை கழுவி கிளவுஸ் மாட்டி நின்னப்போ, மயக்கத்தில் கிடந்த பெரியவரோட பாதம் துணிக்கு வெளியே தெரிஞ்சுது. வார்டுப் பழக்கம், இழுத்துப் போர்த்திட்டேன். கிருமியில்லாம சுத்தம் பண்ணின கை, அந்தத் துணியைத் தொட்டதும் கெட்டுப்போச்சாம். "இது வார்டு இல்ல, போய் மறுபடி கழுவிட்டு வா"ன்னு டாக்டர் கத்தினார். ஏழு வருஷ நர்ஸ், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி குழாயடியில் நின்னேன். சிரிச்சுக்கோ.

வார்டுல "சாப்பிட்டியாம்மா"ன்னு கேக்க நாலு நோயாளியாவது இருந்தாங்க. இங்கே எல்லாரும் மயக்கத்தில். அந்தப் பெரியவர் எழுந்து நடந்தாரான்னுகூட எனக்குத் தெரியாது.

கூப்பிடுறாங்க, முடிச்சுக்கறேன். தியேட்டர் ஏ.சி.யில் கால் விறைக்குது, கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி அனுப்பு. என் காலைப் போர்த்திவிட யாரும் வர மாட்டாங்க. இங்கே எல்லார் கையும் அவ்வளவு சுத்தம்.

உன் சின்னவள்