மாமனார் கொடுத்த கார்

22 ஜூலை 1963, திங்கள்

ஆடிக் காற்று. கம்பெனியில் சலவைக்குப் பின் காயப்போட்ட பனியன் துணியில் பாதி பக்கத்துத் தோட்டத்து வேலியில். ஆள் விட்டுப் பொறுக்கியாயிற்று. முள் கிழித்தது தனி.

கார் மறுபடி நின்றது. வீரபாண்டிப் பிரிவில், பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. இட்லி அவிக்கலாம். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நான் கேட்காமலே கயிற்றை எடுத்தார். பழகிய கை.

மெக்கானிக் மணியிடம் விட்டேன். வண்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. எனக்கு அது நல்லதில்லை.

23 ஜூலை, செவ்வாய்

மணி ஒரு தொகை சொன்னார். எழுதக் கை வரவில்லை. ரேடியேட்டர் போச்சு, ஹெட் போச்சு, ரிங் போச்சு என்று அடுக்கினார். எதுதான் போகவில்லை என்று கேட்டேன். நன்றாக யோசித்து, ஹாரன் என்றார்.

அதே பணத்துக்கு நிட்டிங் மிஷினுக்குப் புது ஊசி செட் வரும். பழைய ஊசி தேய்ந்து துணி நெடுகக் கோடு விழுகிறது. மதுரைக் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு தரம் அனுப்பினால் அவர் ஆர்டர் அவ்வளவுதான். ஊசியா, காரா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காரை விற்றுவிட வேண்டியதுதான்.

சாப்பிடும்போது சரசுவிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

24 ஜூலை, புதன்

வீட்டில் பேச்சு இல்லை. ரசமும் இல்லை.

கார் எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. அப்போதே கிழட்டுச் சீமைக் கார். தாராபுரத்து மாமாவுக்கு மட்டும் இன்றைக்கும் அது புதுசு. வாரா வாரம் திருப்பூர் சந்தைக்கு வருகிறவர், முதலில் காரைப் பார்த்துவிட்டுத்தான் மகளைப் பார்ப்பார். போன தரம் கம்பெனி ஆட்கள் முன்னால் வைத்துச் சொன்னார்: “கார் வெச்சுக்கறதுக்கும் ஒரு கை வேணுமுங்க மாப்ளே.” இன்னும் செரிக்கவில்லை.

விற்க: ஊசி. பெட்ரோல். மானம். முதுகு (தள்ளித் தள்ளி).

வைத்துக்கொள்ள: சரசு.

சரசு பக்கம்தான் கனம்.

26 ஜூலை, வெள்ளி

மணி கூப்பிட்டு அனுப்பினார். ரேடியேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். உள்ளே எல்லாம் அரித்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து. மோந்து பார்க்கச் சொன்னார். எங்கள் சலவைப் பட்டறை வாடை. ப்ளீச்சிங் பவுடர்.

“ஏனுங்க மொதலாளி, காரையும் சலவைக்குப் போட்டீங்களா?”

நான் வீட்டுக் குடத்துத் தண்ணீர்தான் ஊற்றுவேன். கம்பெனிக்கு வந்து விசாரித்தேன். சலவை ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னான். தாராபுரத்து ஐயா வந்ததும் நேரே சலவைத் தொட்டியில் சொம்பை முக்கிக் காருக்கு ஊற்றுவாராம். வண்டிக்குத் தாகம் எடுக்கும் என்பாராம். தொட்டித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். மூக்குப்பொடி போட்டே மூக்கு செத்துப்போன மனிதருக்கு வாடை எங்கே தெரியப்போகிறது?

இத்தனை சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. வரட்டும் மாமா. அதே ஆட்கள் முன்னால் கேட்கிறேன், எந்தக் கை என்று.

27 ஜூலை, சனி

சரசுவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

“எங்கப்பன் ஆசையாச் செஞ்சது அது ஒன்னுதானுங்க. சொன்னீங்கன்னா அப்புறம் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டாரு.”

சந்தை நாள் என்றால் இவள் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

மணியிடம் செய்யச் சொல்லியாயிற்று. ஆடிப் பதினெட்டுக்குள் வண்டி வேண்டும். ஊசி அப்புறம். மதுரைக்காரருக்கு நயமாக ஒரு கடுதாசி. சலவைத் தொட்டிக்கு மூடி, பூட்டு.

29 ஜூலை, திங்கள்

மாமா வந்தார். கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சரசு சமாளித்தாள். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு காலி ஷெட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

3 ஆகஸ்ட், சனி. ஆடிப் பதினெட்டு

தாராபுரம் போய் மாமாவை ஏற்றிக்கொண்டு அமராவதிக் கரை. கார் பூப்போல ஓடியது. மாமா முன் சீட்டில், கையை வெளியே தொங்கவிட்டபடி. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கும்பிடு.

“பாத்தீங்களா மாப்ளே, வாரம் தவறாம நான் தண்ணி ஊத்துனதுக்குத்தான் இத்தன வருசம் நிக்குது.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். பின் சீட்டில் சரசு இருமினாள். ஆமாங்க மாமா என்றேன்.

கட்டுச்சோறு தின்று கை கழுவும்போது மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். சின்ன மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மடத்துக்குளத்து மாப்பிள்ளை வீட்டில் இப்போது கார் கேட்கிறார்களாம். அதுதான் இது இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, உங்களுக்கென்ன, கம்பெனி இருக்கிறது, புதுசே வாங்கிக்கொள்ளலாம் என்றார். கூச்சமே இல்லை.

போன வாரம் வரை தொலைந்தால் போதும் என்றிருந்த வண்டி. இப்போது விட மனமில்லை. ஊசியும் போய், காரும் போய். சரசுவைப் பார்த்தேன். அவள் காதிலும் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எதை வேண்டாம் என்கிறாள், கொடுப்பதையா, சொல்வதையா?

“தாராளமாக் குடுத்தர்லாமுங்க மாமா,” என்றேன். “அவங்க ஊட்டுல சலவைத் தொட்டி எதாச்சும் இருக்குதுங்களா?”

எதற்கு என்று கேட்டார். சும்மாதானுங்க என்றேன். சரசு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். இந்தத் தரம் அழவில்லை.