வெறும் வெளிச்சம்

பிப்ரவரி 3

ஸ்டூடியோவின் ஃபேஸ்புக் பக்கத்தில் 'போட்டோக்காரர் பாஷை' என்று தொடர் போடலாம் என்றாள் என் கூட்டாளி ஏஞ்சல். இன்று இரண்டு எழுதினோம். பொக்கே: பின்னணி அழகாக மங்கித் தெரிவது, ஜப்பானியச் சொல். சிம்பிங்: ஒவ்வொரு படம் எடுத்ததும் குனிந்து பின்திரையைப் பார்ப்பது. பார்த்துவிட்டுச் சிம்பன்சி மாதிரி 'ஊ ஊ' என்பதால் வந்த பெயராம். ஏஞ்சலுக்கு அந்த வியாதி உண்டு. எனக்குக் கிடையாது என்று பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

பெரிய காஞ்சிபுரத்தில் ராமராஜன் கல்யாண வரவேற்பு. மேடையில் வரிசை நகரவே இல்லை. வழக்கம்போல் நடுநடுவே டம்மி போட்டேன்.

பிப்ரவரி 10

டம்மியையும் தொடரில் சேர்க்கச் சொல்கிறாள். ஃபிளாஷின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. ஃபிலிம் காலத்தில் ரோலை மிச்சம் பிடிக்கச் செய்தது. இப்போது ரோலே இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது. ஆல்பத்துக்கு வேண்டாதவர் என்று நமக்குத் தோன்றினால் ஒரு டம்மி. இதைப் போய் ஊருக்குச் சொல்வதா? வேண்டாம் என்றுவிட்டேன்.

பிப்ரவரி 21

மாப்பிள்ளையின் அம்மா காந்தா வந்தார். "என் ரெண்டு புள்ளைங்களும் சேந்து நின்ன படம் எங்கம்மா?"

மூத்தவர் இளவரசன். வீட்டுப் பாகத் தகராறில் தம்பியோடு பல வருடமாகப் பேச்சில்லை. அன்று மனசு மாறி, தறியை விட்டு எழுந்து நேரே மேடைக்கு வந்தாராம்.

நினைவிருக்கிறது. சட்டையெல்லாம் பட்டு நூல் துணுக்கு. மண்டபத்து வேலையாள் என்று நினைத்தேன். தம்பி தோளில் கை போட்டார். நான் வெளிச்சம் மட்டும் அடித்தேன். வீடியோக்காரரும் அப்போது பந்தியில்.

"கார்டு பழுதாயிடுச்சும்மா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

மார்ச் 2

சரியாகத் தூக்கமில்லை.

மார்ச் 8

காந்தாம்மா போன் செய்தார். இளவரசன் ஆல்பம் பார்த்தாராம். "என் படம் மட்டும் எப்டி பழுதாவும்? தம்பிதான் அதத் தூக்கிடச் சொல்லிக்கிறான்" என்று பாதியில் எழுந்து போய்விட்டாராம். மறுபடி பேச்சில்லை. அந்தம்மா அழுதுக்கினே பேசுச்சு. ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? விரலைக் கொஞ்சம் தள்ளி ஷட்டரை அழுத்தியிருந்தா போதுமே —

மார்ச் 9

"அவரு படம் வேற எங்கனா கெடச்சா ஒட்டிக் குடுத்துடலாம்பா" என்கிறாள் ஏஞ்சல். இன்னொரு பொய்யா?

மார்ச் 10

பிள்ளையார்பாளையத்தில் இளவரசன் வீடு. தறியை நிறுத்தாமலே "சொல்லும்மா" என்றார். சொன்னேன். டம்மி என்றால் என்ன, யாருக்குப் போடுவோம், எல்லாம். தம்பி எதுவும் சொல்லவில்லை, நான்தான் என்றேன்.

தறி நின்றது.

"என்னப் பாத்தா படம் புடிக்கத் தோணலியா?"

கூனிக் குறுகி நின்றேன். போய்ட்டு வா என்றார்.

ராமராஜனுக்கும் போன் செய்து சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 14

தொடரில் டம்மியைப் போட்டோம். பொருள், பிறந்த கதை, நான் அதைப் போட்ட கதை. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கொதிக்கிறார்கள்.

மே 4

ராமராஜன் வீட்டில் தாலி பிரித்துக் கோர்த்தார்கள். என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டது இளவரசன்.

அண்ணனும் தம்பியும் வாசலில் நின்றார்கள். "லைட்டு வேணாம்மா. படம் எடு" என்றார் இளவரசன்.

எடுத்தேன். எடுத்ததும் நானே கேமராவைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தம்பியும் எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடும்மா. இவன் கண்ண மூடிக்கினான்."