சேற்றில் விரித்த சாக்கு

இன்று காலை அறுவடைக்குப் பெல்ட் வண்டி வந்தது. ஓட்டுநர் கிரீஸ் கேட்டார். மோட்டார் கொட்டகையில் இருக்கும் என்று நானே எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த வாசனை. கிரீஸ், காய்ந்த சேறு, ஈயம் பற்றவைத்த புகை. மூன்று மாதமாக யாரும் திறக்காத கதவு. நீ இப்போதுதான் எழுந்து வெளியே போனது போலிருந்தது.

உன் குட்டிப் போர் டாங்கியைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாய். நான் விலக்கவில்லை. ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. சங்கிலிப் பட்டையின் இரும்புக் கண்ணிகள். இடுக்குகளில் எங்கள் வயல் சேறு.

உனக்கு இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. சிங்கப்பூரில் நீ இருந்த ஆறு வருஷமும் போன்தான். கொட்டகைக்குள் என்னை 'டா' போட்டுப் பேசுவாய். வரப்பில் அப்பா வருவது தெரிந்தால் அதே வாய் 'சொல்லுங்க' என்று மாறிவிடும். ஒரே வாக்கியத்தின் நடுவில் மாறியதும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அதைக் கவனிக்காதவன் போல இருந்து பழகியவன்.

சிங்கப்பூர்ப் பட்டறையில் உன் மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது, தான் கட்டப்போவதில்லை என்று தெரிந்து, பிரிக்காத பெட்டிகளை உன்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய கனத்த டாங்கி ஒன்றின் மாதிரி, உதிரி பாகங்களாக. அசலில் ஆறில் ஒரு பங்கு. கப்பல் கார்கோவில் வந்து சேர்ந்தது. உன் வீட்டில் வைக்க இடமில்லை. எங்கள் கொட்டகையில் மும்முனை மின்சாரமும் ஒரு சிமென்ட் மேடையும் இருந்தன. அப்பாவிடம் பம்புசெட் ரிப்பேர் என்று சொன்னேன்.

சென்னையில் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் படிப்பில் இருந்த நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அது கொஞ்சம் வளர்ந்திருந்தது. பக்கத்துக்குப் பதினொரு சின்னச் சக்கரம். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒரு மோட்டார். கண்ணிகளை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்து ஊசி போட்டுக் கோத்தாய். திரும்பி வந்தபிறகு உன் பிழைப்பே அறுவடை வண்டிகளுக்குச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட் மாற்றுவதுதான். இது வேலைக்குப் பிறகு செய்கிற அதே வேலை. முடிந்தபோது ஒரு நெல் மூட்டை கனம். உன் அம்மா அதைப் பீரங்கி என்றார். சுடாதே என்று கேட்டுக்கொண்டார்.

பீரங்கியில் உனக்கு அக்கறை இல்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அதே டாங்கி, முன்னால் பெரிய உருளை, உருளையில் சுற்றிய கித்தான் துணி. இளகிய மணலில் அது தனக்கு முன்னால் கித்தானை விரித்து, அதன்மேலேயே ஏறிப் போகும். அந்தப் பக்கத்தை நீ பல தடவை திருப்பியிருக்கிறாய். ஓரம் கிரீஸால் கறுத்திருந்தது.

"பின்னாடி வர்றவன் முங்காம வரணும்ல," என்றாய். "அதுக்குன்னே ஒரு வண்டி."

எனக்கு அப்போதே புரிந்தது. புரியாதவன் போலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தெருவுக்கும் வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் எங்கள் வயல். தார்ச்சாலை எங்கள் தெரு வழியாகப் போகிறது. அதில் உங்கள் தெருப் பாடை வரக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். வரப்பு ஒரு அடி அகலம், நாலு பேர் தோள் கொடுத்து நடக்க முடியாது. ஆகவே வயலில் இறங்கித்தான் போவார்கள். மறுநாள் காலையில் இறந்தவர் வீட்டுப் பெண்களே வந்து, மிதிபட்ட இடத்தில் நாற்று நட்டுக் கொடுக்க வேண்டும். ஊரில் இதற்குப் பெயர்கூட இல்லை. அவ்வளவு சாதாரணம்.

உன் அப்பாவை அப்படித் தூக்கிப் போனபோது நீ சிங்கப்பூரில் இருந்தாய். யாரோ போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். முன்னால் பிடித்தவர் வழுக்க, பாடை ஒரு பக்கம் சாய்கிறது. அதை எனக்கு ஒரே ஒரு தடவை காட்டினாய்.

தேர்தலுக்குத் தேர்தல் பாதை போட்டுத் தருவதாகச் சொல்லிப் போனார்கள். இரண்டு கட்சிக்காரர் வேட்டியிலும் கறுப்பு சிவப்புக் கரை, ஒன்றில் மட்டும் நடுவே வெள்ளைக் கோடு. தாலுகா அலுவலக ஜமாபந்தியில் உங்கள் தெருவிலிருந்து கொடுத்த மனுக்களுக்கு எல்லாம் ஒரே பதில். பட்டாதாரர் சம்மதம் தேவை.

பட்டாதாரர் நான். அந்த வயலை அப்பா சின்ன வயதிலேயே என் பெயருக்கு எழுதிவிட்டார். உனக்கு அது தெரியும். ஒரு தடவைகூட நீ என்னிடம் கேட்கவில்லை. நானாக ஒருநாள், படிப்பு முடியட்டும், பார்க்கலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திருகாணியைத் தேடினாய்.

புரட்டாசியில், வயல் உழுது பரம்படித்து நடவுக்குக் காத்திருந்த நாள். பிவிசி குழாயில் உருளை செய்திருந்தாய். யூரியா சாக்குகளை உன் அம்மா நீளமாகத் தைத்துக் கொடுத்திருந்தார். உங்கள் தெருப் பக்கமிருந்து டாங்கியை இறக்கினாய். ரிமோட்டை அழுத்தினாய். அது போனது. சாக்கை விரித்துக்கொண்டு, அதன்மேல் ஏறி, மெதுவாக, அமுங்காமல். வரப்பு முழுக்க ஆட்கள். வாய்க்கால் கரைக்கு ஏறித் திரும்பும்போது இடது பக்கக் கண்ணி கழன்று விழுந்தது. பதினொரு சக்கரமும் வெறுமனே சுற்றின.

அந்த நேரத்துக்குத்தான் அப்பா வந்தார். சாக்கையும் டாங்கியையும் பார்த்தார். அவருக்கும் புரிந்தது.

"என்னப்பா, உங்க தெரு சாவுக்கு மிலிட்டரி மரியாதையா?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வாயிலிருந்து தானாக வந்தது என்று எனக்கே பல நாள் சொல்லிப் பார்த்தேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணியைத் தடவினாய். அறுவடை வண்டிக்குச் சேற்றில் பெல்ட்டைத் தளர்த்தித்தான் விட வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்து இறுகிவிடும். இந்த இரும்புக் கண்ணிக்கு அப்படியில்லை, இழுத்துக் கட்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நீ படித்ததுதான். சேற்றைக் கண்டதும் உன் கை பழகிய வேலையைச் செய்துவிட்டது.

"லூசா வுட்டுட்டேங்க," என்றாய். அப்பாவிடம் சொல்வது போல. ஆனால் முகம் என் பக்கம் இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில், என் வயலில், அப்பாவுக்காக இல்லாமல் எனக்கென்றே நீ 'ங்க' போட்டது அன்றுதான்.

டாங்கியைத் துடைக்காமலே கொட்டகையில் வைத்துவிட்டுப் போனாய். பிறகு நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஐப்பசியில், நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தபோது, கும்பகோணம் சாலையில் லாரி உன்மேல் மோதியது. நான் சென்னையிலிருந்து வந்து சேரும்போது உன்னைத் தூக்கிவிட்டார்கள். மழை. முழங்கால் தண்ணீரில் என் வயலில் உன்னைக் கொண்டு போனார்கள். நான் வரப்பில் நின்றேன். இறங்கவில்லை. ஒரு இடத்தில் பாடை லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் உன் அம்மா வந்துவிட்டார். கூட இன்னும் இரண்டு பெண்கள். சேலையைச் செருகிக்கொண்டு, நீ போன இடத்தில் குனிந்து நட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"நாத்து கொஞ்சம் கொறையுது தம்பி. உங்க நாத்தங்கால்ல மிச்சம் கெடக்குதுங்களா?"

நாற்றைப் பிடுங்கி இரண்டு முடியாகக் கட்டிக்கொண்டு வந்தேன். இறங்கப் போனபோது வரப்பிலேயே வைத்துவிடச் சொன்னார்.

போன மாதம் பாதைக்குச் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்தேன். ஆறடி அகலம், தெருவிலிருந்து வாய்க்கால் வரை. அதன்பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை. நாளை சர்வேயர் வருகிறார். இதைச் சொல்ல நீ இல்லாதபோதுதான் எனக்குக் கையெழுத்துப் போடக் கை வந்தது. அதை மாற்ற எந்த மனுவிலும் இடமில்லை.

கிரீஸை எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினேன். ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கி நின்றிருந்தார். வயல் முழுக்க மஞ்சள், சாய்ந்த கதிர். நடுவில் மட்டும் ஒரு பட்டை இன்னும் பச்சை. உன் அம்மா பிந்தி நட்டது, பிந்தித்தான் முற்றும். தெருவில் தொடங்கி வாய்க்காலில் முடிகிறது.

"இந்தப் பச்சைய என்ன பண்றதுங்க?"

நிற்கட்டும் என்றேன். அவர் இரண்டு பக்கமும் அறுத்துக்கொண்டு போனார். நான் பச்சையின் குறுக்கே அடி வைத்து நடந்து பார்த்தேன். ஆறு அடி போதவில்லை. ஏழு. திரும்பவும் நடந்தேன். ஏழுதான். தோள் கொடுக்கிறவர்கள் கால் ஊன்ற அவ்வளவு வேண்டியிருக்கிறது.

சர்வேயர் வருவதற்குள், தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த சம்மதத்தில் ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுத வேண்டும்.