மாத்திரையும் முகத்துவாரமும்

பெங்களூர்,
ஆகஸ்ட் 1983

நிறுத்திவிடாதீர்கள், நைனா. அண்ணன் வெறும் வாயை ஓயாமல் மெல்வதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் அவன் காதில் கேட்ட குரல்களை அடக்கியது அந்த மாத்திரைதான். சட்டென்று விட்டால் இரண்டுமே கூடலாம். உங்கள் முட்டிவலி எப்படி? அம்மாவுக்கு இருமல் விட்டதா? நான் நலம்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் என் எலிகளுக்கும் அதே மருந்தைத்தான் கொடுத்தோம். நிறுத்தியதும் அவையும் மென்றன. ஒன்று என் கையைக் கடித்தது. சின்னக் கடி.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடினால் நம் ஆட்கள் பல வாய்க்கால் வெட்டுவார்களே, மூளையும் அப்படித்தான். டோபமைன் என்றொரு பொருள் அங்கே சேதி கொண்டுபோகிறது. மருந்து அதை மறித்தால், சேதி வாங்கும் இடங்களை மூளை கூட்டிக்கொள்கிறது. கால்சியத்தைப் பிடிக்கும் ஒரு புரதமும் கூடுகிறது. மறிப்பு நீங்கியதும் எல்லா வாய்க்காலிலும் கடல் ஏறுகிறது. ஆனால் சில வாரங்களில் என் எலிகளில் அந்தப் புரதம் இறங்கியது. வாயும் அடங்கியது. எலிதான், ஆனாலும் நம்பிக்கை வருகிறது.

படகில் "இன்னாடா, வாயில இறாலா? எங்களுக்கும் ரெண்டு குடேன்"னு கேட்பவர்களிடம், அது மருந்தின் வேலை என்று சொல்லுங்கள். ஏரியில் வலைபோட நம் முறை வரும்போது அவனையும் கூட்டிப்போங்கள்.

அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். எலிக்கடிக்கு உதவும். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள்.

லோகநாயகி

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியுமா என்று கேட்டு அண்ணனைப் பார்க்கும் நம் டாக்டருக்கும் எழுதினேன். அதையும் இந்த உறைக்குள்ளேயே வைத்து ஒட்டுகிறேன், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.