நான்காவது பாத்தியின் வாசனை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம்தான். உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, இந்தக் கடிதம் எத்தனை கை மாறி வந்து சேருமோ தெரியவில்லை. மாடிக் குழாய் ஒழுகல் சரியாகிவிட்டது. உங்கள் அக்கா போன வாரம் வந்தார். நான் இளைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டுக்கொண்டே, சமைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆய்வு நிலையத்தில் எங்கள் பாசிப்பயறு ஒருவழியாகத் தேறிவிட்டது. போன பருவத்தில் எந்தச் செடியைப் பிடுங்கினாலும் வேரெல்லாம் முடிச்சு. பயறு வேரில் இயல்பாக வரும், தட்டினால் உதிர்கிற நல்ல முடிச்சு இல்லை. நூற்புழு உள்ளே குடியேறி வேரையே புடைக்க வைத்தது. மருந்து அடிக்காமல், புழுவைப் பிடித்துத் தின்னும் ஒரு பூஞ்சையைத் தொழுவுரத்தில் வளர்த்து நான்காவது பாத்தியில் கலந்தோம். இப்போது அங்கே வேர்கள் வெள்ளைவெளேரென்று இருக்கின்றன.

அந்தப் பூஞ்சை புழுவைத் துரத்துவதில்லை. மண்ணுக்குள் இழைகளை வளையம் வளையமாக விரித்து வைத்துவிட்டு, புழுவுக்குப் பிடித்த வாசனையை விடுகிறது. புழு தானாக வந்து தலையை நுழைக்கும். நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தயங்குவதில்லை.

முதலில் சொன்னது நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா. அந்தப் பாத்திப் பக்கம் போனால், தவறிப்போன தன் வீட்டுக்காரரின் புகையிலை வாசனை வருகிறது என்றார். நான் சிரித்தேன். மறுநாள் நிலையத்து ஓட்டுநர், தான் பிறந்த வீட்டின் ஈரச்சுவர் வாசனை என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால், கொளுத்தும் வெயிலில் பாத்தியில் குப்புறக் கிடந்தார். மூக்கும் வாயும் மண்ணுக்குள். நானும் ஓட்டுநரும் புரட்டிப் போட்டபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் பயமே இல்லை. எங்கள் மேல்தான் கோபம். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா பேசியிருப்பாரு" என்றார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார்.

வெயில் மயக்கம் என்று இயக்குநர் எழுதி வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாத்தியில் கொதிநீர் ஊற்றவும், பூஞ்சை வளர்த்த தட்டுகள் அத்தனையையும் நீராவியில் அவித்துவிடவும் சொன்னார். பேசி முடிக்கும்வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. அவருக்கு என்ன வாசனை வந்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் அவித்துவிட்டேன், ஒரு தட்டைத் தவிர. அது வீட்டு அலமாரியில், நம் பாப்பாவின் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது.

இரண்டு முறை மூடியைத் திறந்தேன். குளிப்பாட்டித் தலை துவட்டும்போது வருமே, அவளுடைய உச்சந்தலை வாசனை, அதுதான். அவள் நம்மை விட்டுப் போன இந்த மூன்று வருஷத்தில் சட்டைகளில்கூட அது இல்லாமல் போய்விட்டது. தட்டில் இருக்கிறது. இரண்டாம் முறை எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் வெள்ளை இழை ஒட்டியிருந்தது.

புழு எப்படிப் பிடிபடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எப்போது வேலை முடியும், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அவளுக்குத் தலை துவட்டியது பெரும்பாலும் நீங்கள்தான். அந்த வாசனை எப்படி இருந்தது என்று, உங்கள் ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள். எனக்கு வருவது, பால் காய்ந்த மாதிரி, கொஞ்சம் வெயில் பட்ட துணி மாதிரி. நீங்கள் எழுதுவது வேறாக இருந்தால், இது அவள் இல்லை என்று அன்றைக்கே தட்டை நெருப்பில் போட்டுவிடுவேன்.

இதேதான் என்றால், எனக்காக வேறு ஏதாவது ஒரு வாசனையை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்தபடி,
உங்களவள்